பன்னிரண்டு டாலர்களும் ஒரு விரிகுடாவும்

1959-ல் அமெரிக்க வணிகத்துறை அந்நாட்டு ராணுவத்தின் பொறியாளர் படைக்காக ஓர் அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்தது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியிருக்கும் ஒன்பது கவுண்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்றவை, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களால் ஆளப்படுபவை) 2020-ஆம் ஆண்டுவாக்கில் எப்படி வளர்ந்திருக்கும் என்பது அதன் பொருள். மக்கள்தொகை, தொழிற்சாலை, நெடுஞ்சாலை என்று பொறுமையாகக் கணக்குப் போட்டுச் செல்லும் அந்த அறிக்கையில் ஒரு வரைபடமும் இருந்தது. விரிகுடாவின் ஆழம் குறைந்த பகுதிகளில் எங்கெல்லாம் மண்ணைக் கொட்டித் தூர்த்து நிலமாக்க இயலும் என்பதை அது காட்டியது. அவ்வளவையும் தூர்த்துவிட்டால் விரிகுடா என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கப்பல் போகும் அகலத்துக்கு ஓர் ஆறு மட்டும் கோல்டன் கேட் பாலத்தை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வரைபடத்தை வரைந்தவர்கள் தீயவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தூர்ப்பதற்கு அன்று அவர்கள் இட்டிருந்த பெயர் 'மீட்பு'. பயனற்ற சேற்றிலிருந்து பயனுள்ள நிலத்தை மீட்பது. இன்று அதே கரையில் அதே நிலத்தை உடைத்துக் கடல்நீரை உள்ளே விடுவதற்கும் தமிழில் நாம் 'மீட்பு' என்றே எழுத வேண்டியிருக்கிறது. ஒரே சொல் அறுபது ஆண்டுகளில் தலைகீழாகத் திரும்பிய கதையைத்தான் இங்கே பேச முற்படுகிறோம். சூழலியல் பற்றிய நம் கட்டுரைகளில் இழந்த நெய்தலைப் பற்றி உருகுவதற்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் யார் தீர்மானித்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்ற இரு கேள்விகளை நம்மில் பலரும் கணக்குப்பிள்ளையின் கேள்விகளாகக் கருதி ஒதுக்கிவிடுகிறோம். இந்த விரிகுடாவின் வரலாற்றில் அவ்விரண்டு கேள்விகளே மையம்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிகுடாவின் ஓரத்தில் ஏறத்தாழ 1,90,000 ஏக்கர் ஓதச் சதுப்பு இருந்தது. நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கும், உவர்ப்பைத் தாங்கும் செடிகள் அடர்ந்த நிலம். நம் கடற்கரைக் கழிகளில் வளரும் உமரியின் நெருங்கிய உறவுச் செடி அங்கும் முதன்மையானது. ஒலோனி முதலான தொல்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தக் கரையில் வாழ்ந்து, உண்ட சிப்பிகளின் ஓடுகளால் மேடுகளை எழுப்பியிருந்தனர். 1990-களின் இறுதியில் அச்சதுப்பில் எஞ்சியது சுமார் 40,000 ஏக்கர். விரிகுடாவின் மொத்தப் பரப்பும் சுமார் 780 சதுர மைலிலிருந்து 1960-களுக்குள் 550 சதுர மைலை ஒட்டிச் சுருங்கியிருந்தது.

இந்த அழிவை யாரும் திட்டமிட்டுத் தலைமையேற்று நடத்தவில்லை. 1850-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு சட்டம் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு அளித்தது. கலிஃபோர்னியா அவற்றைத் தனியாருக்கு விற்றது. கரை கட்டி வயலாக்கினர் சிலர், உப்பளமாக்கினர் சிலர். அலை ஏறும் சேற்றுவெளியும் பத்திரம் எழுதி விற்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெர்க்லி நகரின் எல்லைக்குட்பட்ட நீரடி நிலத்தில் பெரும்பகுதி ஒரு ரயில்வே நிறுவனத்தின் சொத்து என்பது இன்று கேட்க விசித்திரமாக இருக்கும்.

மலையில் நடந்ததும் கரைக்கு வந்து சேர்ந்தது. 1850-களில் தொடங்கிச் சியரா நெவாடா மலைச்சரிவுகளில் தங்கம் தேடியவர்கள் பெரும் குழாய்களால் நீரைப் பீய்ச்சி மலையையே கரைத்தனர். ஆறுகளின் வழியே இறங்கிய சேறு விரிகுடாவைப் பழுப்பாக்கியது. வயல்கள் புதையுண்ட உழவர்கள் தொடுத்த வழக்கில் 1884-ல் நீதிபதி சாயர் தீர்ப்பளித்து அந்தச் சுரங்கமுறையை நிறுத்தினார். நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் இதை ஆராய்ந்து 1917-ல் வெளியிட்ட நூல் விரிகுடா அமைப்புக்குள் புகுந்த சேற்றை நூறு கோடி கன கஜத்துக்கும் மேல் என்று கணித்தது. அந்தத் தங்கத்தைப் பிரித்தெடுக்கத் தேவைப்பட்ட பாதரசத்தில் பெரும்பங்கு தெற்கே சான் ஹோசேக்கு அருகிலுள்ள நியூ அல்மடேன் சுரங்கத்திலிருந்து சென்றது. அதன் எச்சம் குவாடலூப்பே ஆற்றில் கலந்து விரிகுடாவின் தென்முனைச் சேற்றில் இன்னமும் படிந்து கிடக்கிறது. சேறும் பாதரசமும் இக்கதையில் மீண்டும் வரும்.

இருபதாம் நூற்றாண்டின் நகராட்சிகளுக்கோ தூர்ப்பதில் வேறொரு கவர்ச்சி இருந்தது. குப்பையைக் கொட்ட இடம் வேண்டும்; விரிகுடா இலவசம். கொட்டி முடித்தால் புது நிலம். புது நிலத்தில் கட்டடம் எழுந்தால் சொத்துவரி. ஆக, விரிகுடாவை அழிப்பதற்கான நிதி ஏற்பாடு யாரும் வகுக்காமலேயே கச்சிதமாக அமைந்துவிட்டது. ஒவ்வொரு நகரமும் தன் எல்லைக்குள் சிறு பங்கைத்தான் தூர்த்தது. ஒவ்வொன்றின் தீர்மானமும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகவே தோன்றும். முழு விரிகுடாவுக்கென்று பேச ஓர் அவை இல்லை. பெர்க்லி நகரம் தன் பரப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் அளவுக்கு, சுமார் 2,000 ஏக்கர், நீருக்குள் நீளத் திட்டமிட்டிருந்தது.

*

அந்த வரைபடம் நாளிதழில் வெளியானபோது அதைக் கண்டு திடுக்கிட்டவர்களில் ஒருவர் கேத்தரின் கெர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெரின் மனைவி. தோழி சில்வியா மக்லாஃப்லினிடம் பேசினார். அவருடைய கணவர் ஒரு பெரிய சுரங்க நிறுவனத்தின் தலைவர். மூன்றாமவர் எஸ்தர் குலிக், பொருளியல் பேராசிரியர் ஒருவரின் மனைவி. 1961-ல் பெர்க்லி மலைமேல் குலிக் வீட்டில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். சியரா கிளப்பின் டேவிட் பிரவர் உள்ளிட்ட இயற்கைப் பாதுகாப்புத் தலைவர்கள் வந்தனர். விரிகுடா காக்கப்படவேண்டியதே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் ஒருவருக்குக் காட்டு நிலங்கள், இன்னொருவருக்குச் செம்மரங்கள், வேறொருவருக்குப் பறவைகள் என்று ஆளுக்கொரு பணி இருந்தது. புதிதாக ஓர் அமைப்பு வேண்டும் என்று சொல்லி, தத்தம் உறுப்பினர் முகவரிப் பட்டியல்களைத் தருவதாக வாக்களித்துவிட்டு வாழ்த்திக் கிளம்பினார்கள்.

மூவரும் அந்தப் பட்டியல்களைக் கொண்டே கடிதம் எழுதினர். ஆண்டுச் சந்தா ஒரு டாலர். இந்த ஒரு டாலரை நாம் கவனிக்கவேண்டும். நிதி திரட்டுவதற்காக வைத்த தொகையல்ல அது. தலை எண்ணுவதற்காக வைத்தது. சட்டமன்ற உறுப்பினர் பணத்தைக் காட்டிலும் உறுப்பினர் எண்ணிக்கைக்கே அஞ்சுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூவருமே அந்தஸ்தும் தொடர்பும் உடையவர்கள், விரிகுடாவை ஜன்னல்வழி பார்க்கும் மலைவீடுகளில் வாழ்ந்தவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆளுநர் அலுவலகத்துக்குத் தொலைபேசினால் மறுமுனையில் எடுப்பார்கள். கரையோரத் தொழிற்பேட்டைகளுக்கு அருகே வாழ்ந்த ஏழைகளுக்கு அந்த வசதி கிடையாது. ஆயினும் அந்தஸ்து உடைய எத்தனையோ பேர் அதே ஜன்னல்களின் வழியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்பதும் உண்மைதானே.

பெர்க்லி 1963-ல் தன் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் ஒரு நகரத்தை வென்றால் போதாது, அடுத்த நகரம் தூர்க்கும். முழு விரிகுடாவுக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கையை மாநில மேலவை உறுப்பினர் யூஜின் மக்கடீர் எடுத்துக்கொண்டார். நிக்கலஸ் பெட்ரிஸ் உடன் நின்றார். அவ்விருவர் பெயராலும் 1965-ல் நிறைவேறிய சட்டம், விரிகுடாப் பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி ஆணையத்தைத் தோற்றுவித்தது. 27 உறுப்பினர்கள். ஒன்பது கவுண்டிகளிலிருந்தும் ஒவ்வொருவர், நகரங்களுக்கு நால்வர், மத்திய, மாநிலத் துறைகளின் பேராளர்கள், பொதுமக்கள் சார்பில் நியமிக்கப்படுவோர். இவர்களின் அனுமதி இல்லாமல் விரிகுடாவில் ஒரு வண்டி மண்கூடக் கொட்ட முடியாது.

முதலில் அது தற்காலிக அமைப்பு. நான்கு ஆண்டுகளில் ஒரு திட்டத்தை வகுத்துச் சட்டமன்றத்திடம் தரவேண்டும், பிடிக்காவிட்டால் கலைந்துபோகும். மக்கடீர் 1967-ல் இறந்துவிட்டார். சான் மாட்டேயோ கவுண்டியில் 27 மைல் கரையைத் தூர்த்து நகரமைக்க, அதற்கான மண்ணைச் சான் புரூனோ மலையை வெட்டி எடுக்க, பெருமுதலாளிகளின் கூட்டு ஒன்று காத்திருந்தது. இந்தச் சூழலிலும் 1969-ல் ஆணையத்தை நிரந்தரமாக்கும் சட்டம் நிறைவேறியது. கையொப்பமிட்டவர் ஆளுநர் ரோனல்ட் ரேகன். பின்னாளில் அரசுக் கட்டுப்பாடுகளின் எதிரியாகவே தன்னை முன்வைத்துக் குடியரசுத் தலைவரான அதே ரேகன்! கலிஃபோர்னியாவின் முழுக் கடற்கரைக்குமான ஆணையம் 1972-ல் மக்கள் வாக்கெடுப்பின் வழி உருவானபோது இதுவே முன்மாதிரியாக இருந்தது.

விரிகுடா சுருங்குவது நின்றது. கரையோர மக்களாட்சியின் அரிய வெற்றிகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

*

ஆனால் ஆணையத்தின் கையில் இருந்தது 'கூடாது' என்று சொல்லும் அதிகாரம் மட்டுமே. ஏற்கெனவே இழந்ததைத் திரும்பப் பெற அதனிடம் ஒரு காசும் இல்லை. தடுப்பதற்குச் சட்டம் போதும். திருத்துவதற்கு நிலம் வாங்கவேண்டும், கரைகளைப் பலப்படுத்தவேண்டும், மண் சுமக்கவேண்டும், பத்தாண்டுகள் காவலிருந்து அளக்கவேண்டும்.

தென் விரிகுடாவில் இதன் பொருளை நேரில் காணலாம். 1850-களிலிருந்தே அங்கே உப்பு விளைவிக்கப்பட்டது. தூத்துக்குடியில் பார்த்திருக்கும் அதே வித்தைதான். கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிடுவது. சிறு அளங்கள் பலவும் காலப்போக்கில் லெஸ்லி உப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1978-ல் கார்கில் அதை வாங்கியது. விமானத்திலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்குகிறவர்கள் செம்மையும் ஆரஞ்சும் பச்சையுமாகக் காணும் பெருஞ்சதுரங்கள் இவையே. உப்புச்செறிவுக்கேற்ப அதில் வாழும் நுண்ணுயிர்கள் மாறுவதால் நிறமும் மாறுகிறது. இவற்றின்மேல் வீடு கட்டுவதை ஆணையம் தடுக்கலாம். கரையை உடைத்துக் கடலை உள்ளே விடு என்று சொந்தக்காரருக்கு ஆணையிட முடியாது. அரசு வாங்கினால்தான் உண்டு.

1972-ல் காங்கிரஸ் தென் விரிகுடாவில் ஒரு தேசியக் காட்டுயிர்ப் புகலிடத்தை அமைக்கச் சட்டமியற்றியது. ஆனால் பெரிய கொள்முதல் 2003-ல்தான் நடந்தது. 16,500 ஏக்கர் உப்பளம், விலை 10 கோடி டாலர். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பேரத்தை முடித்துவைத்தார். மாநிலம் 7.2 கோடி, மத்திய அரசு 80 லட்சம், தனியார் அறக்கட்டளைகள் 2 கோடி. இந்த விகிதத்தைக் கவனிக்கலாம். கணினித் தொழிலில் சேர்ந்த செல்வத்தின் அறக்கட்டளைகள் மத்திய அரசைப்போல் இரண்டரை மடங்கு கொடுத்திருக்கின்றன. கொடை நல்லதுதான். ஆனால் கொடையாளரின் மனநிலையை நம்பி ஐம்பதாண்டுத் திட்டம் ஒன்றை வகுக்க முடியுமா என்ற கேள்வி எழாமல் இல்லை.

வாங்கிய 16,500 ஏக்கரில் தென் விரிகுடாவில் இருந்தது 15,100. அதற்கான திட்டம் உண்மையிலேயே ஐம்பதாண்டுத் திட்டம். 2006 மார்ச்சில் அல்விஸோ அருகே மூன்று பாத்திகளின் கரையைப் பொக்லைன்கள் உடைத்தன. அலை உள்ளே வந்தது, சேறு படிந்தது, சில ஆண்டுகளில் செடி முளைத்தது. இவ்வளவு எளிதென்றால் எல்லாவற்றையும் உடைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. பழைய பாதரசம் கிளம்பி மீன்களிலும் பறவை முட்டைகளிலும் ஏறும் என்பதால், குவாடலூப்பே ஆற்றை ஒட்டிய பாத்திகளை மதகு வைத்து மெல்ல மெல்லத்தான் திறக்கிறார்கள். உப்பளத்துக்கே பழகிவிட்ட பறவைகளும் உண்டு. வற்றிய பாத்தியின் வெண்தரையில் முட்டையிடும் சின்னஞ்சிறு உப்புக்கொத்திகளுக்கு, கடல் திரும்பினால் வீடு போய்விடும். அதனால்தான் சதுப்பாக மாறவேண்டிய பங்கைப் பாதியிலிருந்து பத்தில் ஒன்பது வரை என்று திறந்தே வைத்துவிட்டு, பார்த்துப் பார்த்து முடிவெடுப்பது என்று தீர்மானித்தார்கள். அல்விஸோ தாழ்ந்து கிடப்பது மற்றொரு தொல்லை. சான்டா கிளாரா பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களும் பின்னர் நகரங்களும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் பூமியே பல அடி அமிழ்ந்துவிட்டது. அங்கே உப்பளக் கரையை உடைத்தால், பின்னால் ஊரைக் காக்க வேறு கரை எழுப்பவேண்டும். ஒரு கரையை உடைக்கும் செலவைவிட இன்னொரு கரையைக் கட்டும் செலவு பன்மடங்கு.

*

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கும் மெல்லத்தான் திரண்டது. 1999-ல் அறிவியலாளர்கள் பலர் கூடி உருவாக்கிய இலக்கு அறிக்கை, விரிகுடா நலமாக இருக்க ஒரு லட்சம் ஏக்கர் ஓதச் சதுப்பு வேண்டும் என்றது. பெர்க்லியின் மூன்று பெண்மணிகள் தொடங்கிய அமைப்பு, இப்போது 'சேவ் தி பே' என்ற பெயரில், 2007-ல் விலைப்பட்டியலைப் போட்டது. 36,000 ஏக்கரை மீட்க 50 ஆண்டுகளில் 143 கோடி டாலர்.

அடுத்த ஆண்டே, 2008-ல், மாநிலச் சட்டம் ஒன்றினால் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா மீட்பு வாரியம் பிறந்தது. இது விசித்திரமான பிறவி. நிலம் அதற்குச் சொந்தமில்லை, அனுமதி வழங்கும் அதிகாரம் இல்லை. ஊழியர்களைக்கூட மாநிலக் கடலோரக் காப்பு நிறுவனமும் விரிகுடாப் பகுதி உள்ளாட்சிகளின் சங்கமும் கொடுத்து உதவவேண்டும். அதன் ஒரே வேலை ஒன்பது கவுண்டிகளிலும் பணம் திரட்டி, திட்டங்களுக்குப் பகிர்ந்தளிப்பது. ஆனால் பணம் ஒரு டாலரும் தரப்படவில்லை. மக்களிடம் போய்க் கேட்டுக்கொள் என்று சட்டமன்றம் கைகழுவிவிட்டது. எட்டாண்டுகள் பெட்டி வெறும்பெட்டியாகவே கிடந்தது.

ஏன் எட்டாண்டுகள் என்பதற்கு 1978-க்குப் போகவேண்டும். அவ்வாண்டு ஜூனில் கலிஃபோர்னிய மக்கள் நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவு, சொத்துவரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. உள்ளூர் அமைப்பு எதுவும் சிறப்பு வரி விதிக்கவேண்டுமானால் வாக்காளர்களில் மூன்றில் இரு பங்கினர் ஒப்பவேண்டும் என்றும் விதித்தது. சொத்தின் மதிப்புக்கேற்ப வரியைக் கூட்டும் வாசல் அடைபட்டதால், எஞ்சியது 'மனைக்கு இவ்வளவு' என்ற தட்டையான வரி. மீட்பு வாரியம் அதையே கையிலெடுத்தது. ஒரு மனைக்கு ஆண்டுக்கு 12 டாலர், இருபது ஆண்டுகள். ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி, மொத்தம் 50 கோடி டாலர். அறிவியல் கேட்ட தொகை இது அன்று. வாக்காளர் முகம் சுளிக்காமல் தருவார் என்று கணிக்கப்பட்ட தொகை.

2016 ஜூன் 7 அன்று 'ஏஏ' என்ற எழுத்துகள் இட்ட அந்த முன்மொழிவு வாக்குக்கு வந்தது. ஒன்பது கவுண்டிகளும் ஒரே வரிக்காகச் சேர்ந்து வாக்களித்தது அதுவே முதன்முறை. சூழல் அமைப்புகளும் பெருநிறுவனங்களின் சங்கங்களும் ஒரே மேடையில் நின்று ஆதரித்தன. கரையோர அலுவலக வளாகங்கள் வெள்ளத்தில் மூழ்கினால் இழப்பு யாருக்கு என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். சுமார் 70 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது. வடக்கே சொலானோ போன்ற கவுண்டிகளைத் தனியே எண்ணியிருந்தால் மூன்றில் இரு பங்கு தேறியிருக்காது. வாக்குகளை விரிகுடா முழுவதற்குமாகச் சேர்த்து எண்ணவேண்டும் என்று சட்டம் சொன்னதால் தேறியது. 1965-ல் அனுமதிக்கு எந்தத் தர்க்கமோ, 2016-ல் பணத்துக்கும் அதே தர்க்கம். இரண்டுக்கும் நடுவே 51 ஆண்டுகள்.

எதிர்த்தவர்களின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. கிழக்குப் பாலோ ஆல்ட்டோவில் இரண்டு வேலை பார்த்து வீட்டுக்கடன் கட்டும் குடும்பத்துக்கும் 12 டாலர், பக்கத்தில் பல்லாயிரம் கோடி மதிப்புள்ள நிறுவனத்தின் மனைக்கும் 12 டாலர். இதை நியாயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆதரித்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை; வேறு வழி அடைபட்டிருக்கிறது என்றே சொன்னார்கள். எங்கள் பார்வையில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் வழியை அடைத்ததும் வாக்குச்சீட்டுதான் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஃப்ரீமான்ட்டிலும் மில்பீட்டஸிலும் சன்னிவேலிலும் வீடு வைத்திருக்கும் தமிழர்கள் பலர். இதை வாசிக்கும் அவர்களில் சிலர் தங்கள் சொத்துவரிச் சீட்டில் இந்தப் பன்னிரண்டு டாலர் வரியைக் கண்டு கடந்துபோயிருக்கக் கூடும்.

பங்கீட்டிலும் அரசியல் உண்டு. கிடைக்கும் பணத்தில் பாதியை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு வட்டாரங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரித்துத் தரவேண்டும்; மறுபாதியை எங்கு தேவையோ அங்கு செலவிடலாம். மக்கள் நெருங்கி வாழ்வது ஓரிடம், மீட்கத் தோதான பெருநிலங்கள் இருப்பது வேறிடம். வடக்கே நிலம் அதிகம், தலைகள் குறைவு. சேற்றை மட்டும் கேட்டால் பணம் வடக்கேயும் தெற்கேயும் போகவேண்டும் என்று சொல்லும். வாக்காளரைக் கேட்டால் எங்கள் ஊருக்கு என்ன என்பார். பாதிக்குப்பாதி என்பது இரண்டுக்கும் இடையிலான சமரசம். செலவைப் பார்வையிடக் குடிமக்கள் குழு ஒன்றும் உண்டு.

2018-ல் முதல் மானியங்கள் வழங்கப்பட்டன. பணம் பெற்றவற்றில் சதுப்புகள் மட்டுமல்ல, சான் ஃபிரான்சிஸ்கோவின் தென்கிழக்கில், நெடுங்காலம் தொழிற்சாலைக் கழிவுகளோடு வாழ்ந்த கறுப்பின மக்களின் பகுதியான பேவ்யூவில், பழைய படகுத்துறை ஒன்றைப் பூங்காவாக்கும் பணியும் அடங்கும். மலைவீட்டு ஜன்னலிலிருந்து தொடங்கிய இயக்கம் அந்தக் கரைக்கு வந்துசேர இத்தனை காலம் பிடித்தது.

*

பணம் வந்ததும் வேறொரு தடை கண்ணில் பட்டது. அது ஆணையத்தின் பழைய வெற்றியிலிருந்தே முளைத்த தடை. அமிழ்ந்துபோன பாத்தியைச் சதுப்பாக்க வேண்டுமானால் அதில் மண்ணைக் கொட்டி உயர்த்தவேண்டும். விரிகுடாவில் மண் கொட்டுவதைத்தான் 1965-ன் சட்டம் தடுக்கிறது. வணிக வளாகத்துக்கு எந்த வேலியோ அதே வேலி சதுப்புக்கும். ஆணையம், நீர்த்தர வாரியம், ராணுவப் பொறியாளர் படை, மீன்வளத்துறை, காட்டுயிர்த்துறைகள் என்று ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி அனுமதி பெறுவதற்குள் ஆண்டுகள் கரைந்தன. 2019-ல் ஆறு துறைகளின் அலுவலர்களைக் கொண்டு, மீட்புத் திட்டங்களை மட்டும் பரிசீலிக்க ஒரு கூட்டுக்குழு அமைத்தார்கள். அவர்களின் ஊதியத்தில் ஒரு பங்கும் அந்தப் பன்னிரண்டு டாலரிலிருந்து போகிறது. அனுமதி தருகிறவரின் நேரத்தையும் விண்ணப்பிக்கிறவர் தரப்பே வாங்கித் தரவேண்டியிருக்கிறது என்று சிரிக்கலாம். ஆனால் அதுதான் வேலை செய்கிறது. அதே 2019-ல் ஆணையமும் தன் திட்டத்தைத் திருத்தி, வாழிடத்துக்காக மண் இடுவதற்குக் கூடுதல் இடம் கொடுத்தது.

மண்தான் எங்கே? தங்கச் சுரங்கத்துச் சேறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் விரிகுடாவை ஊட்டி வந்தது. அது தீர்ந்து, அணைகளும் ஆறுகளை மறித்தபின், 1999-ஐ ஒட்டி விரிகுடா நீர் திடீரெனத் தெளிந்துவிட்டதை அளவைகள் காட்டின. தெளிந்த நீர் கண்ணுக்கு அழகு. சதுப்புக்கு அது பட்டினி. மிதந்துவரும் சேறு படிந்தால்தான் கடல்மட்டத்தோடு அதுவும் உயரும். நோவாட்டோவில் கைவிடப்பட்ட ஹேமில்ட்டன் விமானத்தளத்தை, ஓக்லாந்து துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றால் உயர்த்தி, 2014-ல் கரையை உடைத்துக் கடலுக்குத் திறந்தார்கள். 2023 டிசம்பரில் ஹேவர்ட் அருகே, தூர்வாரிய சேற்றை ஆழமற்ற நீரில் கொட்டி, ஓதமே அதைச் சதுப்புக்கு ஏந்திச் செல்லட்டும் என்று ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஆனால் துறைமுகங்களில் அள்ளிய சேற்றில் பெரும்பங்கைச் செலவு குறைவென்று ஆழ்கடலிலோ விரிகுடாவின் ஆழமான பகுதிகளிலோ கொட்டிவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சதுப்புவரை கொண்டுசேர்க்க ஆகும் கூடுதல் செலவு யார் கணக்கில் என்பதுதான் வழக்கு.

காலக் கணக்கு இன்னும் கடுமையானது. 1999 இலக்கு அறிக்கையை 2015-ல் புதுப்பித்தபோது, 2030-க்குள் உருவாகி வேரூன்றும் சதுப்புகளுக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்றார்கள் அறிவியலாளர்கள். இந்நூற்றாண்டின் நடுவிலிருந்து கடல்மட்ட உயர்வு வேகமெடுக்கும், அதற்குப்பின் தொடங்குகிறவை மூழ்கக்கூடும். வரியோ 2017-ல் தொடங்கி, ஆண்டுக்கு இவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக வந்து, 2037 ஜூனில் முடிகிறது. 2023-ல் ஆணையமும் வட்டார அமைப்புகளும் வெளியிட்ட மதிப்பீடு, 2050-க்குள் கடல்மட்ட உயர்வுக்கு ஈடுகொடுக்க விரிகுடாப் பகுதிக்கு 11,000 கோடி டாலர் தேவை என்றது. எதுவும் செய்யாவிட்டால் இழப்பு 23,000 கோடிக்கு மேல். ஐம்பது கோடி எங்கே, பதினோராயிரம் கோடி எங்கே! 2024 நவம்பரில் கலிஃபோர்னியர்கள் 1,000 கோடி டாலருக்கான காலநிலைக் கடன்பத்திரத்தை ஏற்றார்கள், அது முழு மாநிலத்துக்கும் ஆனது. 2023-ன் மற்றொரு சட்டப்படி கரையோர ஊர்கள் ஒவ்வொன்றும் 2034-க்குள் தத்தம் கடல்மட்டத் திட்டத்தை வகுத்தாக வேண்டும். அவற்றுக்கான பொதுவரையறையை ஆணையம் 2024 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. திட்டம் வகுக்கச் சொன்ன சட்டம், திட்டத்தை நிறைவேற்ற யார் பணம் தருவார் என்று சொல்லவில்லை. 1965-ல் இருந்த அதே இடைவெளி, இன்னும் பெரிய எண்களோடு.

இதற்கிடையில் 2023 டிசம்பரில் மென்லோ பார்க்கை ஒட்டிய ரேவன்ஸ்வுட் உப்பளத்தில், ஏறத்தாழ 300 ஏக்கர் பாத்தி ஒன்றின் கரையை உடைத்தார்கள். மெட்டா நிறுவனத்தின் தலைமையகம் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குப் பாலோ ஆல்ட்டோவின் சிறு வீடுகளும் தொலைவில் இல்லை. அந்தப் பணியில் மனைவரிப் பணமும் சேர்ந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அலை ஏறாத நிலம் அது. நீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. செடி பிடிக்கும் உயரத்துக்குச் சேறு படிய எத்தனை ஆண்டுகளாகும் என்பதை அளப்பவர்கள் அளந்துகொண்டிருக்கிறார்கள்.